விழுறதா, விழ வைக்கிறதா?



போன தை மாசம் நம்ம குரூப்புல ஒரு போட்டோ வந்துச்சு. சாத்தூர் வழியா திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போன தம்பி ஒருத்தர், கோயில் வாசல்ல நெடுஞ்சாண்கிடையா விழுந்து கும்பிடுறாரு. பச்சை வேட்டி, முதுகெல்லாம் வேர்வை, கால்ல கொப்புளம். நூறு கிலோமீட்டருக்கு மேல நடந்த கால் அது. பார்த்த உடனே மனசு கரையுற படம். கீழ ஆங்கிலத்துல ஒரு வரி போட்டிருந்தாங்க. முருகன் முன்னால ஒரு பக்தர் 'ப்ராஸ்டேட்' பண்றார்னு.

காலேஜ் படிக்கிற பிள்ளைங்க சிரிப்புப் பொம்மையா போட்டுத் தள்ளிட்டாங்க. ஏன்னா ப்ராஸ்டேட்ங்கிறது ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்கிற ஒரு சுரப்பி. அவர் எழுத நினைச்சது 'ப்ராஸ்ட்ரேட்'. நடுவுல ஒரே ஒரு 'ர்' விட்டுப்போச்சு. படம் போட்டவர் வெக்கப்பட்டு அதை அழிச்சுட்டாரு.

அவர் வெக்கப்பட்டிருக்க வேண்டாம். ஆங்கிலேயர்களே அடிக்கடி பண்ற தப்பு அது. ஆனா அந்த ஒரு எழுத்து எனக்கு ரெண்டு வாரமா மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. தேடிப் பார்த்தப்ப ஒரு விஷயம் கிடைச்சது.

ப்ராஸ்டேட்ங்கிறது கிரேக்க மொழியில இருந்து வந்தது. 'முன்னால் நிற்பவர்'னு அர்த்தம். காவலர், தலைவர்னும் அந்தக் காலத்துல சொல்லியிருக்காங்க. பைக்கு முன்னால நிக்கிற மாதிரி இருக்கிறதால சுரப்பிக்கு அந்தப் பேரு. ப்ராஸ்ட்ரேட்ங்கிறது லத்தீன்ல இருந்து வந்தது. 'முன்னால் பரப்பிக் கிடத்தப்பட்டது'னு அர்த்தம். இதே வேர்ல இருந்துதான் 'ஸ்ட்ரீட்'டும் வந்துச்சு. கல்லைப் பரப்பிப் போட்ட பாதைதானே தெரு!

ஆக, ஒரு 'ர்' இல்லைன்னா முன்னால் நிற்பவர். ஒரு 'ர்' இருந்தா முன்னால் தெரு மாதிரி கிடப்பவர். யார் நிக்கிறது, யார் கிடக்கிறது? உலகத்துல பாதிச் சண்டை இதுக்குத்தான் நடந்திருக்கு. நம்ம ஊர்லயும் நடந்திருக்கு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

குப்புற, மல்லாக்க

முகம் தரையைப் பார்த்துக் கிடந்தா ஆங்கிலத்துல 'ப்ரோன்'. நாம குப்புறன்னு சொல்றோம். முகம் வானத்தைப் பார்த்தா 'சுபைன்'. நாம மல்லாக்கன்னு சொல்றோம். ப்ரோனுக்கும் ப்ராஸ்ட்ரேட்டுக்கும் என்ன வித்தியாசம்? ப்ரோன்ங்கிறது உடம்பு எப்படிக் கிடக்குதுன்னு மட்டும்தான் சொல்லும். வெயிட் தூக்கிட்டுக் களைச்சுக் குப்புறப் படுத்தவரும் ப்ரோன்தான். ப்ராஸ்ட்ரேட்ங்கிறதுல ஒரு காரணம் இருக்கும். பக்தியால விழுந்திருக்கணும், இல்ல துக்கமோ நோயோ தோல்வியோ அடிச்சுச் சாய்ச்சிருக்கணும்.

இதை ஆங்கிலத்துல எழுதுறப்ப ஒரு சின்ன இலக்கணம் இருக்கு. விழுந்து கும்பிட்டார்னு சொல்லணும்னா, 'அவர் தன்னைத்தானே ப்ராஸ்ட்ரேட் பண்ணினார்'னு எழுதணும். அந்தத் 'தன்னை' ரொம்ப முக்கியம். ஏன்னா அந்தச் சொல்லுக்கு அடிப்படையில சாய்ப்பது, கிடத்துவதுன்னுதான் அர்த்தம். யார் சாய்ச்சாங்க, யாரைச் சாய்ச்சாங்கன்னு கேள்வி வந்துடும்.

இது நமக்குப் புதுசு இல்ல. பள்ளிக்கூடத்துல தன்வினை, பிறவினை படிச்சிருக்கோம். உருண்டான்னா தன்வினை. உருட்டினான்னா பிறவினை. விழுந்தான், விழ வைத்தான். கோயில்ல அங்கப்பிரதட்சணம் பண்றவர் உருளுறாரு. அவரை யாரும் உருட்டலை. வெளியில இருந்து பார்த்தா ரெண்டுலயும் ஒரு உடம்பு தரையில உருளுது, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு வழிபாடு. இன்னொண்ணு கொடுமை.

அப்ப என் கேள்வி இதுதான். ஒருத்தர் தரையில கிடக்கிறப்ப, அது தன்வினையா பிறவினையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கொடிமரத்துக்குப் பின்னால

முதல்ல நம்ம பெரியவங்க இந்த விழுறதுக்கு எவ்வளவு ஒழுங்கு வச்சிருக்காங்கன்னு பாருங்க. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) 'சைவ வினாவிடை'யில இதைக் கேள்வி பதிலா எழுதி வச்சிருக்காரு. ஆம்பளைங்க அட்டாங்க நமஸ்காரம் பண்ணணும். தலை, ரெண்டு கை, ரெண்டு செவி, மோவாய், ரெண்டு புயம்னு எட்டு உறுப்பும் நிலத்துல படணும். பொம்பளைங்க பஞ்சாங்க நமஸ்காரம் பண்ணணும். தலை, ரெண்டு கை, ரெண்டு முழங்கால்னு அஞ்சு படணும். ஒரு தரம், ரெண்டு தரம்னு நிறுத்தக் கூடாது. குறைஞ்சது மூணு தரம் பண்ணணும்.

இதைச் சும்மா உடற்பயிற்சி மாதிரி நினைக்காதீங்க. செவி எதுக்குத் தரையில படணும்? யோசிச்சுப் பார்த்தேன். காது தரையில பட்டுச்சுன்னா தலையைத் தூக்கி ஓரக்கண்ணால சுத்திப் பார்க்க முடியாது. யார் நம்மளைப் பார்க்கிறா, யார் போட்டோ எடுக்கிறான்னு தெரியாது. அந்த ஒரு நிமிஷம் நாம யாருக்கும் எதுவும் இல்ல. சாஸ்திரத்துல இந்தக் காரணம் எழுதியிருக்குன்னு நான் சொல்லலை. விழுந்து பார்த்தப்ப எனக்குத் தோணினது இது.

விழுற இடமும் முக்கியம். சந்நிதிக்குச் சந்நிதி விழக் கூடாது. கொடிமரத்துக்குப் பின்னால வந்துதான் விழணும். அப்பதான் நம்ம கால் எந்த சந்நிதியையும் பார்த்து நீட்டாம இருக்கும். அதோட பெரியவங்க இன்னொண்ணும் சொல்லுவாங்க. கோயிலுக்குள்ள எந்த மனுஷன் காலுலயும் விழக் கூடாது. தாத்தாவா இருந்தாலும், குருவா இருந்தாலும், மந்திரியா இருந்தாலும், அங்க வணக்கம் சாமிக்கு மட்டும்தான்.

இந்தக் கடைசி விதியை நான் சின்ன வயசுல ஏதோ மரியாதைக் கணக்குன்னு நினைச்சேன். இப்ப வேற மாதிரி தெரியுது. கடவுள் முன்னால எல்லாரும் ஒரே மட்டம். ஒருத்தன் நிக்க இன்னொருத்தன் கிடக்கிற வேலையே அங்க கிடையாது.

காராச்சேவு

இனி சொல்லப்போறது என் வீட்டுக் கதை. எட்டாம் கிளாஸ் படிச்சப்ப நடந்தது.

எங்க அம்மா சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில சரவெடி பின்னுற வேலை பார்த்தாங்க. அக்கா பிரசவச் செலவுக்கு அங்க அட்வான்ஸ் வாங்கியிருந்தாங்க. அந்த வருஷம் பக்கத்து ஆலை ஒண்ணுல வெடி விபத்து நடந்து, கூட வேலை பார்த்துட்டுப் போன ஒரு அத்தை இறந்துட்டாங்க. அம்மாவுக்குப் பயம் வந்துடுச்சு. வேற வேலைக்குப் போயிடலாம், அட்வான்ஸை மாசாமாசம் கொஞ்சமா கட்டிடலாம்னு நினைச்சு, கணக்குப் பார்க்கிறவரைக் கேட்கப் போனாங்க. நான் தூக்குவாளியோட கூட நின்னேன்.

'முழுப் பணத்தையும் வச்சுட்டுப் போ'ன்னாரு. அம்மா ரெண்டு தரம் கெஞ்சினாங்க. மூணாவது தரம் அப்படியே அவர் கால்ல விழுந்துட்டாங்க. தலை, ரெண்டு கை, ரெண்டு முழங்கால். அதே அஞ்சு. அவர் காலை நகர்த்தவும் இல்ல, நோட்டுல இருந்து கண்ணை எடுக்கவும் இல்ல.

வெளிய வந்து சேலையில இருந்த மண்ணைத் தட்டினாங்க. பஸ் ஏறுற இடத்துல எனக்குக் காராச்சேவு வாங்கிக் கொடுத்து, 'அப்பாகிட்ட சொல்லாதப்பா'ன்னாங்க. நம்ம ஊர்க் காராச்சேவு வேற எங்கயும் கிடைக்காத ருசின்னு எல்லாரும் சொல்வாங்க. அன்னைக்கு எனக்குத் தொண்டையில இறங்கலை.

அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலைக்குப் போனோம். அம்மா கொடிமரத்துக்குப் பின்னால விழுந்து ரொம்ப நேரம் எழுந்திரிக்கவே இல்ல. எழுந்தப்ப முகம் வேற மாதிரி இருந்துச்சு. அழுதிருந்தாங்க, ஆனா தெளிவா இருந்தாங்க. எனக்குக் கோவம். 'அங்கயும் விழுந்த, இங்கயும் விழுற. எல்லாம் ஒண்ணுதானா?'ன்னு கேட்டுட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் கழிச்சுச் சொன்னாங்க. 'சாமி கால்ல விழுந்தா அதோட முடிஞ்சுச்சு. மனுஷன் கால்ல விழுந்தா அவன் அதையும் நோட்டுல எழுதி வச்சுக்குவான்.'

இப்ப இலக்கணத்துக்கு வாங்க. அன்னைக்கு அம்மாவை யாரும் பிடிச்சுத் தள்ளலை. அவங்களாத்தான் விழுந்தாங்க. பள்ளிக்கூட வாத்தியார்கிட்ட கேட்டா தன்வினைன்னுதான் சொல்வாரு. ஆனா அது தன்வினையா? அட்வான்ஸ் பணம் தள்ளுச்சு. பயம் தள்ளுச்சு. வேற வழியில்லாத நிலைமை தள்ளுச்சு. பார்க்கத் தன்வினை, உள்ள பிறவினை. இந்த மாதிரி விழுறதுதான் உலகத்துல அதிகம். விழுந்தவங்களையே 'நீயாத்தானே விழுந்த'ன்னு சொல்ல வைக்கும் இது.

விழக்கூட விடாத காலம்

பிறவினை வெளிப்படையாவே நடக்கிற இடமும் உண்டு. 2021 மே மாசம், கொரோனா ஊரடங்கு நேரத்துல, விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் கிராமத்துல பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த வயசான மூணு பேரை ஊர்ப் பஞ்சாயத்துல கால்ல விழ வச்ச படம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அனுமதி இல்லாம விழா நடத்தினாங்கன்னு சொல்லி அந்தத் தண்டனை. படத்துல அந்தப் பெரியவங்க கிடக்கிற கோலத்தைப் பார்த்தா, திருச்செந்தூர் தம்பி கிடக்கிற கோலம்தான். எட்டு உறுப்பும் நிலத்துல. ஆனா பார்த்தவங்களுக்கு வயிறு எரிஞ்சுச்சு.

இதுக்கு நேர் எதிரான கொடுமையும் நம்ம பகுதியில நடந்திருக்கு. சாமி முன்னால விழுறதுக்கே விடாத கொடுமை. அம்மா விழுந்தாங்கன்னு சொன்னேனே, அதே கழுகுமலையில 1895ல, தேரோடும் வீதியில ஊர்வலம் போற உரிமையில தகராறு வந்து, கலவரமாகி உயிர்ப்பலி ஆச்சு. உரிமை கேட்டவங்க நாடார் சமூகத்தார். 1897ல கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள்ள அதே சமூகத்தார் நுழைஞ்சதுக்கு வழக்கு போட்டு, அது லண்டன் ப்ரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908ல அந்தச் சமூகத்தார் தோத்தாங்க. 1899ல சிவகாசியிலயும் கோயில் நுழைவை ஒட்டிப் பெரிய கலவரம். 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள வைத்தியநாத ஐயர் தலைமையில கக்கன் உள்ளிட்டவங்க போன பிறகுதான் பெரிய கோயில்களோட கதவு ஒவ்வொண்ணா திறந்துச்சு.

ரெண்டையும் சேர்த்து வச்சுப் பாருங்க. 'என் கால்ல விழு'ன்னு சொல்றவனும், 'சாமி கால்ல விழாத'ன்னு தடுக்கிறவனும் ஒரே ஆள்தான். அடுத்தவன் தலை எங்க குனியணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்கிற ஆணவம்தான் ரெண்டுலயும் இருக்கு. கோயில் வாசல்ல தடுக்கப்பட்டவங்க அன்னைக்குக் கேட்டது என்ன? தானா விழுற உரிமை. 1931ல விருதுநகர்ல சுயமரியாதை மாநாடு நடந்துச்சு. அந்த இயக்கம் கடவுளையே மறுத்துச்சு, நாம அதை ஏத்துக்கலை. ஆனா மனுஷன் மனுஷன் கால்ல விழக் கூடாதுன்னு அவங்க சொன்னதை, கொடிமரத்து விதி தெரிஞ்ச எந்த பக்தனும் மறுக்க முடியாது.

முதுகு மேல யாரு?

இப்ப அந்த இன்னொரு வார்த்தைக்கு வர்றேன். ப்ரோன்.

2021 ஏப்ரல்ல ஆக்சிஜனுக்கு நாடே அலைஞ்சப்ப, மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு அறிவுரை வெளியிட்டுச்சு. ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழ போனா குப்புறப் படுங்கன்னு. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழ தலையணை வச்சு எப்படிப் படுக்கிறதுன்னு படமெல்லாம் வந்துச்சு. நம்ம வீடுகள்லயும் எத்தனையோ பேர் செஞ்சோம். குப்புறப் படுத்தா நுரையீரலோட பின்பக்கம் நல்லா விரியும், மூச்சு சீராகும். அதாவது, குப்புறக் கிடந்தவங்களுக்கு மூச்சு வந்துச்சு.

அதுக்கு ஒரு வருஷம் முன்னால, 2020 மே 25, அமெரிக்காவுல மின்னியாபொலிஸ் நகரத்துல ஜார்ஜ் ஃபிளாய்டுங்கிறவரைப் போலீஸ் தெருவுல குப்புறத் தள்ளுச்சு. ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிஷத்துக்கு மேல முழங்காலை அவர் கழுத்துல வச்சு அழுத்தினாரு. மூச்சு விட முடியலைன்னு சொல்லிச் சொல்லியே அவர் செத்தாரு. அந்த வழக்குச் செய்திகள்லயும் இதே வார்த்தைதான், ப்ரோன்.

ஒரே வார்த்தை. ஒரே கிடை. ஒருத்தருக்கு மூச்சு வந்துச்சு, ஒருத்தருக்கு மூச்சு போச்சு. என்ன வித்தியாசம்? முதுகு மேல இன்னொருத்தன் கனம் இருந்துச்சா இல்லையா, அவ்வளவுதான்.

எனக்கு விடை இங்கதான் கிடைச்சது. அன்னைக்கு அம்மா முதுகுல யார் முழங்காலும் இல்ல. ஆனா அட்வான்ஸ் நோட்டு இருந்துச்சு. ஒட்டனந்தல் பெரியவங்க முதுகுல ஒரு ஊரே இருந்துச்சு. திருச்செந்தூர் தம்பி முதுகுல வெயில் மட்டும்தான் இருந்துச்சு.

ப்ரோன்ங்கிறதுக்கு ஆங்கிலத்துல இன்னொரு அர்த்தமும் உண்டு. 'அந்தப் பக்கம் சாயும் இயல்புள்ள'. லத்தீன்ல முன்னால் சாய்ஞ்சதுன்னு அர்த்தம். இங்கிலீஷ் பேப்பர்ல நம்ம சிவகாசி, சாத்தூர் பக்கத்தை 'ஆக்சிடென்ட் ப்ரோன்'னு எழுதுவாங்க. விபத்து நடக்கிற இயல்புள்ள இடமாம். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி நம்ம சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்துல நடந்த வெடி விபத்தை யாரும் மறக்க முடியாது. அத்தனை குடும்பம் ஒரே நாள்ல அழுதுச்சு. பூமிக்கு அப்படி ஒரு இயல்பு இருக்கா என்ன? ஒரு அறையில இருக்க வேண்டியதுக்கு மேல ஆள் உக்காந்தா, இருக்க வேண்டியதுக்கு மேல மருந்து வச்சா, அப்படி உக்கார வச்சவங்க இருக்காங்க, வச்சவங்க இருக்காங்க. பிறவினையைத் தன்வினையா மாத்திக் காட்டுற வார்த்தை அது. எங்கயாவது அதைப் படிச்சா, 'யார் சாய்ச்சது?'ன்னு ஒரு தரம் கேட்டுக்குங்க.

அப்ப நேர்த்திக்கடன்?

இங்க ஒரு நியாயமான கேள்வி வரும். என் நண்பன் ஒருத்தன், கோயிலுக்கு வராதவன், கேட்டான். 'உங்க கோயில்ல உருளுறவனும் பயத்துலதானே உருளுறான்? பிள்ளைக்கு உடம்பு சரியில்ல, கடன், வேலை இல்ல. அவன் முதுகுலயும் கனம் இருக்கே. உங்க முருகனும் அந்தக் கணக்குப்பிள்ளை மாதிரிதானே?'

கேள்வியைத் தள்ளிவிட முடியாது. உண்மைதான், கனத்தோடதான் போறோம். கனம் இல்லாம கோயிலுக்குப் போறவன் ரொம்பக் கம்மி. ஆனா அந்தக் கனத்தை வச்சது முருகன் இல்ல. விழுந்ததால அவருக்கு எந்த லாபமும் இல்ல, உயரம் ஒரு அங்குலம் கூடாது. கணக்குப்பிள்ளைக்குக் கூடும். தன் கால்ல ஒருத்தர் விழ விழ அவர் ஆள் பெரிசாவாரு. அதனாலதான் அவர் விழுந்தவரை எழுப்ப மாட்டாரு. எழுப்பினா அவர் உயரம் குறைஞ்சிடுமே!

நம்ம சமயத்துல விழுந்தவங்க கதையெல்லாம் எழுந்திருக்கிறதுலதான் முடியுது. திருநாவுக்கரசர் கயிலாயத்துக்குப் போன கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்துல சொல்றாரு. நடந்தாரு, கால் தேய்ஞ்சுச்சு. கையால தாவினாரு, கையும் தேய்ஞ்சுச்சு. மார்பால ஊர்ந்தாரு, அப்புறம் புரண்டாரு, அதுவும் முடியாமக் கிடந்தாரு. அப்ப இறைவன் சொன்னது 'இன்னும் கிட'ன்னு இல்ல. எழுந்திருன்னுதான். உடம்பு முழுசாகி எழுந்து, குளத்துல மூழ்கித் திருவையாத்துல எழுந்து கயிலைக் காட்சி கண்டார். அருணகிரிநாதர் வாழ்க்கை வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்துல இருந்து விழுந்தாருன்னு சொல்வாங்க. தரையில படுறதுக்கு முன்னால முருகன் கை வந்து தாங்குச்சு. திருச்செந்தூர்ல தோத்த சூரனைக்கூட முருகன் காலடியில போட்டு மிதிக்கலை. மயிலாக்கித் தன்னைத் தாங்க வச்சாரு, சேவலாக்கிக் கொடியில உயர்த்தி வச்சாரு.

சுவாமிமலையை நினைச்சுப் பாருங்க. அங்க அப்பாவே பிள்ளை முன்னால சீடனா குனிஞ்சு கேட்டாரு. பணிவு சிறியவனுக்கு மட்டும்தான்னா அந்தப் படைவீடே இருந்திருக்காது. சிவன் குனிஞ்சதால குறைஞ்சு போகலை. ஏன்னா அவரைக் குனிய வச்சது யாரோட அதிகாரமும் இல்ல. அறிவு மேல அவருக்கு இருந்த ஆசை.

அப்ப பெரியவங்க கால்ல விழுறது? கல்யாணத்துல, பரீட்சைக்குப் போறப்ப, பாட்டி கால்ல விழுறோமே. விழுங்க, தப்பே இல்ல. பாட்டி என்ன செய்வாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? நாம முழுசா குனியிறதுக்குள்ள தோளைப் பிடிச்சு, 'நல்லா இரு, எந்திரிய்யா'ன்னு தூக்கிடுவாங்க. தூக்குற கை இருக்கிற இடத்துல விழலாம். காலை மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கிற இடத்துல விழ வேண்டாம்.

ஆனா ஒண்ணு. வேற வழியில்லாம விழுறவங்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்ல. எங்க அம்மா அன்னைக்கு விழுந்தது அவமானம்தான், ஆனா அது அம்மாவோட அவமானம் இல்லைன்னு புரிய எனக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அன்னைக்கு நான் அம்மா மேல கோவப்பட்டேன். கோவம் தப்பான ஆள் மேல போயிடுச்சு. இதை அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். 'அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சுப்பா'ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

நாம என்ன செய்யலாம்?

இந்தத் தடவை கொடிமரத்துக்குப் பின்னால விழுறப்ப, செல்போனைக் கூட வந்தவங்ககிட்ட கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லாம ஒரு தரம் விழுந்து பாருங்க. காது தரையில படட்டும். முதுகு மேல என்ன கனம் இருக்குன்னு அப்ப தெரியும். அதுல எது நாம சுமக்க வேண்டியது, எது அடுத்தவன் வச்சதுன்னு பிரிச்சுப் பார்க்கலாம். எழுந்திரிக்கிறப்ப அடுத்தவன் வச்சதை அங்கயே விட்டுட்டு வரலாம்.

நாளைக்கு நீங்க சூப்பர்வைசர் ஆகலாம், ஆபீசர் ஆகலாம், சின்னதா ஒரு யூனிட் வைக்கலாம். ஒருத்தர் வந்து உங்க கால்ல விழுந்தா, முதல்ல தூக்கி விடுங்க. அப்புறம் அவர் கேட்டதைச் செய்ய முடியுமான்னு பாருங்க. முடியலைன்னா நிக்க வச்சே முடியாதுன்னு சொல்லுங்க. நம்ம கால்ல ஒருத்தர் விழ வேண்டி வந்துச்சுன்னா, அதுல நம்ம தப்பும் ஏதோ இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிக்கணும். பக்தன்னு சொல்லிக்கிறவன் சாமிக்குக் கிடைக்க வேண்டியதைத் தான் வாங்கிக்கிட்டு நிக்கக் கூடாது.

படத்தை அழிச்ச அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். அதைத் திரும்பப் போடுங்க. ஆங்கிலத்துல எழுதுறதா இருந்தா அந்த 'ர்' மறக்காதீங்க, 'தன்னை'யும் மறக்காதீங்க. இல்லைன்னா நம்ம தமிழ்லயே எழுதிடுங்க: 'தம்பி விழுந்து வணங்கினார்.' வெறும் விழுந்தார் இல்ல, வணங்கினார். அந்த ரெண்டாவது வார்த்தையை அவரைத் தவிர வேற யாரும் அவருக்காகச் செய்ய முடியாது.

பிடிச்சிருந்தா உங்க குரூப்புலயும் பகிருங்க.

வேலும் மயிலும் துணை.